குண்டூசியால் கீறிய நெகட்டிவ்

லெபனானின் தெற்குப் பக்கம் கடலோரமாக சைதா என்று ஒரு ஊர் இருக்கிறது. பைபிளில் சீதோன் என்று வருமே, அதே ஊர்தான். 1957இல் அந்த ஊர் ஸ்டூடியோ ஒன்றுக்கு ஒருவர் கோபமாக வந்து நிற்கிறார். அவர் மனைவி அவரிடம் சொல்லாமல் அங்கே வந்து படம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். விஷயம் எப்படியோ காதுக்கு எட்டிவிட்டது. நெகட்டிவைக் கொடு என்கிறார். ஸ்டூடியோக்காரர் முடியாது என்கிறார். அவர் மறுத்ததற்குப் பெரிய கொள்கை எதுவும் இல்லை. அது 35 எம்.எம். ரோல், ஒரே சுருளில் இந்தப் பெண்ணுக்கு முன்னால் யாரோ, பின்னால் யாரோ இருக்கிறார்கள், சுருளைத் தூக்கிக் கொடுத்தால் அவர்கள் படமும் சேர்ந்து போய்விடும். கடைசியில் ஒரு சமரசம். கணவர் பார்த்துக்கொண்டு நிற்க, ஸ்டூடியோக்காரர் ஒரு குண்டூசியை எடுத்து அந்தப் பெண்ணின் நெகட்டிவ்களை மட்டும் கீறினார்.

பல வருடம் கழித்து அந்தப் பெண் தீக்குளித்து இறந்துபோனார். கணவர் மறுபடியும் அதே ஸ்டூடியோவுக்கு வந்தார். அந்தப் படங்களைப் பெரிதுபண்ணித் தர முடியுமா என்று கேட்டார். அதோடு, தனக்குத் தெரியாமல் அவள் வேறு ஏதாவது படம் எடுத்திருக்கிறாளா என்றும்.

கீறிய நெகட்டிவ்கள் பெட்டியில் அப்படியே இருந்தன. இன்றைக்கு அவற்றிலிருந்து போட்ட பிரிண்டுகள் உலகத்தின் பெரிய காட்சிக்கூடங்களுக்கெல்லாம் போய்வருகின்றன. நெகட்டிவில் கீறிய இடத்தில் வெள்ளி உதிர்ந்து பிலிம் வெறும் கண்ணாடிபோல் ஆகிவிடும், வெளிச்சம் முழுசாகப் புகுந்து பிரிண்டில் கறுப்புக் கோடாக விழும். அந்தப் பெண்ணின் மேல் கறுப்புக் கோடுகள் இருக்கின்றன. முகமும் தெரிகிறது.

அந்த ஸ்டூடியோக்காரர் பெயர் ஹாஷிம் அல்-மதனி. 1928இல் சைதாவில் பிறந்து 2017இல் இறந்தார். அப்பா மதீனாவிலிருந்து வந்தவர் என்பதால் அந்தப் பெயர். 1947இல் வேலை தேடி பாலஸ்தீனத்துக்குப் போனவர் ஹைஃபாவில் காட்ஸ் என்ற யூதப் புகைப்படக்காரர் ஒருவரிடம் உதவியாளாகச் சேர்ந்து தொழிலைக் கற்றுக்கொண்டார். 1948இல் போர் வந்தது, ஊருக்குத் திரும்பிவிட்டார். கையில் ஒரு சின்னக் கேமரா, ஸ்டூடியோ என்று சொல்லப் பெற்றோர் வீட்டின் கூடம். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து 1953இல் ஷெஹரஸாத் என்ற கட்டடத்தின் முதல் மாடியில் சொந்த ஸ்டூடியோ போட்டார், கட்டடத்தின் பெயரையே கடைக்கும் வைத்துவிட்டார். அப்புறம் ஐம்பது வருடத்துக்கும் மேல் அதே தொழில்தான். சைதாவில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரை நான் படம் எடுத்திருக்கிறேன் என்று அவரே சொல்லிக்கொள்வார். எண்ணிப் பார்த்துச் சொன்னதாகத் தெரியவில்லை, ஆனால் இருக்கிற நெகட்டிவ் குவியலைப் பார்த்தால் ரொம்பவும் மிகைப்படுத்தியதாகவும் தோன்றவில்லை.

இப்படிப்பட்ட சேகரிப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக ஒன்று சொல்வார்கள்: ஊரின் வாழ்க்கையை ஆவணப்படுத்த வேண்டும் என்ற தாகத்தோடு ஒரு கலைஞர் அரை நூற்றாண்டு உழைத்தார், இத்யாதி. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஸ்டூடியோக்காரர் நெகட்டிவைப் பத்திரமாக வைத்தது மறுபிரதிக்காக. அவ்வளவுதான். எங்கள் வீட்டுப் பீரோவில் தாத்தாவும் பாட்டியும் நிற்கிற ஒரு படம் இருக்கிறது, திருப்பினால் ஊதா மையில் ரப்பர் ஸ்டாம்ப்: ஸ்டூடியோ பெயர், பஸ் ஸ்டாண்ட் எதிரில், கீழே 'மறுபிரதி வேண்டுவோர் இந்த எண்ணைக் குறிப்பிடவும்' என்று ஒரு வரி, அதன்மேல் பேனாவால் எழுதிய எண். உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருக்கும். கல்யாணத்துக்கு மூன்று காப்பி போட்டவர்கள், வெளியூரில் இருக்கும் மாமனுக்கு இன்னொன்று வேண்டும் என்று ஆறு மாதம் கழித்து வருவார்கள். யாராவது இறந்துவிட்டால் மறுநாளே மகன் வருவான், குரூப் போட்டோவில் இருக்கும் அப்பாவின் தலையை மட்டும் எடுத்துப் பெரிதுபண்ணிக் கொடுங்கள், பதினாறாம் நாளுக்கு மாலை போட வேண்டும் என்று. நெகட்டிவ் இருந்தால்தான் இந்த வரும்படி. அதனால்தான் எண் போட்டு, நோட்டில் எழுதி, பெட்டியில் அடுக்கினார்கள். படம் எடுத்துக்கொண்டவர் வீட்டுக்குப் பிரிண்ட் போனது, ஊர் மொத்தத்தின் நெகட்டிவும் ஒரே கடையின் பரணில் சேர்ந்தது. ஆவணக் காப்பகம் என்று நாம் இன்றைக்குப் பெரிதாகச் சொல்வது அந்தப் பரணைத்தான்.

மதனியின் 35 எம்.எம். சுருளை இந்தக் கண்ணோடு பார்த்தால் வேறு மாதிரித் தெரிகிறது. ஒரு சுருளில் 36 படம். ஒன்றில் பாஸ்போர்ட்டுக்கு வந்தவர், அடுத்ததில் புதுச் சட்டையோடு வந்த பையன், அதற்கடுத்து கணவனுக்குத் தெரியாமல் வந்த பெண். தெருவில் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளாதவர்களாகக்கூட இருந்திருக்கலாம், பிலிமில் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறார்கள். அந்த ஒட்டுதல்தான் அந்தப் பெண்ணின் முகத்தைக் காப்பாற்றியது. தனித்தனி ஷீட் பிலிமாக இருந்திருந்தால் அன்றைக்கே கணவர் கையில் போயிருக்கும், கிழித்து எறிந்திருப்பார், நமக்குத் தெரிந்தே இருக்காது.

சரி, அந்தப் பெட்டிகளில் என்னதான் இருக்கிறது? ஸ்டூடியோ போடுவதற்கு முன்னால், 1940களின் கடைசியிலும் 50களின் தொடக்கத்திலும், கேமராவைத் தூக்கிக்கொண்டு பழைய ஊரின் சந்துகளில் சுற்றிக் கடைக்காரர்களை அவரவர் கடையிலேயே நிற்கவைத்து எடுத்த படங்கள் இருக்கின்றன. நாம் அன்றாட வாழ்க்கை என்று நினைக்கிறோமே, அதற்கு இவைதான் பக்கத்தில் வரும். ஆனால் சேகரிப்பின் உயிர் ஸ்டூடியோவுக்குள் எடுத்தவற்றில் இருக்கிறது என்பது என் எண்ணம். ஏனென்றால் தெருவில் செய்ய முடியாததை மக்கள் அங்கே வந்து செய்திருக்கிறார்கள்.

முத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சினிமா பார்த்துவிட்டு வந்து அதேபோல் முத்தம் கொடுப்பதாக நடித்துப் படம் எடுத்துக்கொள்வது அந்த ஊரில் ஒரு பழக்கமாக இருந்திருக்கிறது. கட்டுப்பெட்டியான ஊர், ஆணும் பெண்ணும் கேமரா முன்னால் முத்தமிடுவது நினைத்தும் பார்க்க முடியாத காரியம், அப்படி ஒரே ஒரு தடவைதான் நடந்ததாக மதனி நினைவுகூர்ந்திருக்கிறார். அதனால் என்ன செய்தார்கள்? இரண்டு ஆண் நண்பர்கள் வருவார்கள், ஒருவர் நாயகன், இன்னொருவர் நாயகி. இரண்டு தோழிகள் வந்தாலும் அப்படியே. இன்றைக்கு லண்டனிலோ நியூயார்க்கிலோ காட்சிக்கூடத்தில் இதைப் பார்க்கிறவர்கள் உடனே வேறொரு அர்த்தம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த அர்த்தம் எந்தப் படத்திலும் இருக்கவே முடியாது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த ஊரில் அந்தக் காலத்தில் இது வெளிப்படையான விளையாட்டு, ஒளித்துவைக்க வேண்டியதே இல்லை. ஒளித்துவைக்க வேண்டியதாக இருந்தது ஒரு கல்யாணமான பெண் தனியாக வந்து உட்கார்ந்து எடுத்துக்கொண்ட சாதாரணப் படம். இந்தத் தலைகீழைக் கவனித்தால் சைதாவைப் பற்றிக் கொஞ்சம் பிடிபடும்.

கோடக் கம்பெனி விளம்பரத்துக்காகக் கொடுத்த ஆளுயர அட்டைப் பெண் ஒன்றும் ஸ்டூடியோவில் நின்றது. இளைஞர்கள் அதன் தோளில் கை போட்டுக்கொண்டு, இடுப்பை அணைத்துக்கொண்டு நிற்கிறார்கள். சிலர் சிரிக்கிறார்கள், சிலர் முகத்தில் உண்மையாகவே ஒரு பெருமிதம். நம் ஊர் ஸ்டூடியோக்களில் மரப்பலகை மோட்டார் சைக்கிளும் தாஜ்மஹால் திரையும் இருந்ததுபோல்தான், என்ன, இங்கே வண்டி, அங்கே பெண்.

அப்புறம் துப்பாக்கிகள். சைதாவுக்குப் பக்கத்தில்தான் ஐன் அல்-ஹில்வே இருக்கிறது, 1948இல் பாலஸ்தீன அகதிகளுக்காக உருவான முகாம். 1960களின் கடைசியிலிருந்து பாலஸ்தீன இயக்கங்கள் லெபனானில் பலம் பெற்றன, 1970இல் ஜோர்டானில் நடந்த மோதலுக்குப் பிறகு தலைமையே இங்கே வந்துவிட்டது. அந்த வருடங்களில் இளைஞர்கள் ஆயுதத்தோடு ஸ்டூடியோவுக்கு வந்து போஸ் கொடுத்திருக்கிறார்கள். முதல் வருடம் அட்டைப் பெண்ணோடு நின்ற அதே மாதிரிப் பையன்கள், அதே விளக்கு, அதே தரை. 1982 ஜூனில் இஸ்ரேல் படை சைதாவுக்குள் வந்து 1985 பிப்ரவரி வரை இருந்தது. துப்பாக்கியோடு எடுத்த படம் ஒன்று அலமாரியில் இருக்கிற வீட்டில் அந்த மூன்று வருடம் எப்படிப் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பிரிண்டை எரித்துவிடலாம். நெகட்டிவ் இன்னொருவர் பெட்டியில் அல்லவா இருக்கிறது.

ஆகவே ஸ்டூடியோ சேகரிப்பைப் பார்த்து ஊர் இப்படித்தான் இருந்தது என்று முடிவுகட்டுவது ஆபத்து. யாரும் அழுக்குச் சட்டையோடு வந்து நிற்கவில்லை. இருக்கிற நல்லதைப் போட்டுக்கொண்டு, இல்லாவிட்டால் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு, தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பிறகு ஸ்டூடியோக்காரர் நெகட்டிவின்மேல் கூர்மையான பென்சிலால் டச்சிங் செய்து அம்மைத் தழும்பையும் கண்ணுக்குக் கீழே இருக்கிற கருவளையத்தையும் எடுத்துவிடுவார், உலகத்தில் எல்லா ஊர் ஸ்டூடியோவிலும் இது நடந்தது. ஊரார் தங்களை எப்படிப் பார்க்க விரும்பினார்கள் என்பதற்குத்தான் இந்தப் படங்கள் சாட்சி. அந்த விருப்பமும் அன்றாட வாழ்க்கையில் சேர்த்திதான், சோறு வடிப்பதும் கடை திறப்பதும் மட்டுமா அன்றாடம்?

மதனியை வெளியுலகத்துக்குக் கொண்டுவந்தவர் அக்ரம் ஸாதரி. அவரும் சைதாக்காரர், 1966இல் பிறந்தவர், கலைஞர், திரைப்படங்களும் எடுப்பவர். 1997இல் பெய்ரூட்டில் நண்பர்களோடு சேர்ந்து அரபு இமேஜ் ஃபவுண்டேஷனைத் தொடங்கினார், அரபு நாடுகளின் பழைய புகைப்படங்களைத் தேடிச் சேர்ப்பது அதன் வேலை. 1999 வாக்கில் மதனியின் ஸ்டூடியோவைத் தன் ஆய்வுக்களமாக்கிக்கொண்டு, பெட்டி பெட்டியாகப் பார்த்து, அவரை உட்காரவைத்துப் பேசவைத்துப் பதிவு செய்தார். முத்தக் கதையும் குண்டூசிக் கதையும் நமக்குக் கிடைத்தது அதனால்தான். இந்த இடம் முக்கியம். நெகட்டிவ் மட்டும் கிடைத்து மதனி உயிரோடு இல்லாமல் போயிருந்தால், அந்தக் கீறல்களை யாரோ ஒரு நிபுணர் சேமிப்பில் ஏற்பட்ட சேதம் என்று அட்டவணையில் எழுதிவிட்டுப் போயிருப்பார். படத்தை ஸ்கேன் செய்வது சுலபம், எடுத்தவர் வாயிலிருந்து கதையை வாங்குவதற்குத்தான் அவசரம்.

ஆனால் ஸாதரியின் வேலையில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. 2004இல் லண்டனில் கண்காட்சி, பிறகு டேட் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இடம் என்று போனபோது, பாக்கெட்டில் வைக்கிற அளவுக்கு எடுத்த படங்கள் சுவரில் சட்டம் போட்டு மாட்டும் கலைப்பொருளாயின. பெயர்ப்பலகையில் ஸாதரி பெயரும் மதனி பெயரும் இருக்கும். படத்தில் இருப்பவர் கேட்டது மூன்று காப்பி, காட்சிக்கூடத்தை அவர் கேட்கவில்லை. அந்தக் கீறிய படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், ஊருக்குத் தெரியக்கூடாது என்று வந்த ஒரு பெண்ணை இப்போது உலகமே பார்க்கிறது. நானும்தான் பார்த்தேன், பார்த்துவிட்டு எழுதிக்கொண்டும் இருக்கிறேன், அதனால் ரொம்ப யோக்கியம் பேசவும் முடியவில்லை. ஸாதரிக்கே இந்தக் குழப்பம் வந்திருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். குடும்பங்களிடமிருந்து படங்களை வாங்கிக் குளிர்அறையில் பூட்டிவைப்பது சரிதானா, அந்தக் குடும்பங்களிடமே திருப்பிக் கொடுத்தால் என்ன என்று அவரே பின்னாளில் கேட்கத் தொடங்கினார். 2020 ஆகஸ்ட் 4ஆம் தேதி பெய்ரூட் துறைமுகம் வெடித்தபோது ஃபவுண்டேஷனின் கட்டடம் பலமாகச் சேதமானது. சேகரிப்பு பெரும்பாலும் தப்பித்தது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் குவித்து வைப்பதைப் பற்றி அதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

உரிமை விஷயத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டால், நம் நாட்டுச் சட்டம் பலரும் நினைப்பதற்கு நேர்மாறாக இருக்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டமும் அதே 1957இல் வந்ததுதான். அதன் 17ஆம் பிரிவின்படி, காசு கொடுத்து ஒருவர் கேட்டு எடுக்கப்பட்ட புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்தவரே முதல் உரிமையாளர். அதாவது பிலிம் என்ற பொருள் கடைக்காரருடையது, அதில் இருக்கிற படத்தின் பதிப்புரிமை வாடிக்கையாளருடையது. சைதா சம்பவம் இங்கே நடந்திருந்தால், அந்தப் பெண் தன் கைக்காசைக் கொடுத்திருக்கும் பட்சத்தில் படம் அவருடையது, கணவருக்கு அதில் ஒரு பாத்தியதையும் இல்லை. நடைமுறையில் யார் இதையெல்லாம் பார்த்தார்கள் என்பது வேறு.

அமெரிக்காவில் அர்கன்சா மாநிலத்தின் ஹீபர் ஸ்பிரிங்ஸ் என்ற சின்ன ஊரில் இந்தச் சண்டை இன்னும் வேடிக்கையாக நடந்தது. மைக் மேயர் என்பவர் அங்கே ஸ்டூடியோ வைத்திருந்தார். மேயர் என்றால் ஜெர்மன் மொழியில் விவசாயி என்று பொருள், நான் விவசாயி இல்லை என்று சட்டப்படி பெயரையே டிஸ்ஃபார்மர் என்று மாற்றிக்கொண்டவர், சுற்றிலும் இருந்தவர்களும் அவரிடம் படம் எடுக்க வந்தவர்களும் பெரும்பாலும் விவசாயிகள் என்பதை வைத்துப் பார்த்தால் துணிச்சல்காரர்தான். 1959இல் இறந்தபோது விட்டுப்போன ஆயிரக்கணக்கான கண்ணாடி நெகட்டிவ்களை உள்ளூர்க்காரர் ஒருவர் வெறும் 5 டாலருக்கு வாங்கினார். 1976இல் அவை புத்தகமாக வந்தன, டிஸ்ஃபார்மர் பெரிய கலைஞராகிவிட்டார். அதன்பிறகு 2000களில் நியூயார்க் சேகரிப்பாளர்களின் ஆட்கள் ஹீபர் ஸ்பிரிங்ஸில் வீடு வீடாக ஏறிப் பழைய ஆல்பங்களிலிருந்த அசல் பிரிண்டுகளைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். பின்னாளில் அவருடைய உறவினர்கள் வந்து பதிப்புரிமை எங்களுடையது என்றார்கள்.

ருமேனியாவின் ஸ்லோபோசியாவில் வேறு வழி பிடித்தார்கள். கோஸ்திகா அக்சிந்தே 1930 முதல் 1960 வரை அங்கே ஸ்டூடியோ நடத்தினார், சுமார் 5,000 கண்ணாடித் தகடுகள் உள்ளூர் அருங்காட்சியகத்துக்கு வந்தன. மருந்துப்பூச்சு உரிந்து, பூஞ்சை பிடித்து, முகத்தில் பாதி சுருண்டுபோன தகடுகள். 2013இலிருந்து அவற்றை ஸ்கேன் செய்து, சேதத்தைத் திருத்தாமல், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று இணையத்தில் போட்டுவிட்டார்கள். எனக்குப் பிடித்தது இந்த வழிதான். படத்தில் இருப்பவர்களின் சம்மதம் என்ற கேள்வி இதிலும் தீரவில்லை, ஆனாலும் குறைந்தபட்சம் யாரும் கல்லா கட்டவில்லை.

தமிழ்நாட்டில் இந்த வேலையைப் பெரிய அளவில் எடுத்துச் செய்தது புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் என்ற ஆய்வு மையம். பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் நிலை ஆவணங்களுக்கான திட்டத்தின் நிதியோடு ஊர் ஊராகப் பழைய ஸ்டூடியோக்களைத் தேடிப்போய் டிஜிட்டல் பிரதி எடுத்தார்கள். நம் பக்கத்துச் சிக்கல் வேறு. கண்ணாடித் தகட்டைக் கழுவிக் கண்ணாடியை விற்றுவிடுவார்கள், பிலிமில் இருக்கும் வெள்ளிக்காக நெகட்டிவைக் கிலோக் கணக்கில் எடுப்பதற்கு ஆள் வருவான். மிச்சமிருப்பது வெயிலிலும் ஈரத்திலும் கெடும். அசிடேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த பிலிம் கெட ஆரம்பித்தால் பெட்டியைத் திறந்ததுமே புளித்த காடி வாடை அடிக்கும், அந்த வாடை வந்துவிட்டால் பக்கத்துப் பெட்டிக்கும் பரவும், பிலிம் அப்பளம்போல் சுருள ஆரம்பித்துவிடும்.

போன வருடம் ஊருக்குப் போயிருந்தபோது தாத்தா படத்தின் பின்பக்கத்து எண்ணை எழுதிக்கொண்டு அந்த ஸ்டூடியோவைத் தேடிப் போனேன். அந்த இடத்தில் இப்போது ஜெராக்ஸ் கடை, ஸ்டூடியோக்காரரின் மகன்தான் நடத்துகிறார்.

"அண்ணே, அப்பா காலத்து நெகட்டிவ் ஏதாவது இருக்குங்களா?"

"அதெல்லாம் எடைக்குப் போட்டாச்சு தம்பி. வீடு மாத்தும்போது நாலு சாக்கு போச்சு."

கிளம்பும்போது, இருங்க என்று உள்ளே போய் நீளவாக்கில் கட்டுப்போட்ட ஒரு கணக்கு நோட்டைக் கொண்டுவந்தார். தேதி, எண், பெயர், சைஸ், காப்பி, தொகை, பாக்கி என்று அவர் அப்பா கோடு போட்டு எழுதியது. என் எண்ணைத் தேடிப் பிடிக்கப் பத்து நிமிடம் ஆனது. தாத்தா பெயர், ஊர்ப் பெயர், பக்கத்திலேயே 'ஜோடி'. அரை சைஸ், 3 காப்பி. அட்வான்ஸ் 5 ரூபாய், பாக்கி 4 ரூபாய். பாக்கி வரவானால் அடித்துவிடுவது அவர் வழக்கம்போல, மேலும் கீழும் எல்லா வரிகளிலும் அடித்திருந்தது. தாத்தா வரியில் அடிக்கவில்லை.

"குடுத்துரட்டுங்களா?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, அந்தப் பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார். அதற்கு இரண்டு ரூபாய் வாங்கிக்கொண்டார்.